மதகுக்காரரின் குறட்டை

என் கொழுந்தனுக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று இருக்கிறது. வங்கிக்காரர்கள் மட்டும்தான் இப்போது அதைச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். மற்ற எல்லோருக்கும் அவன் ரேடியோ. நான் கல்யாணமாகி அந்த வீட்டுக்குள் நுழைந்த அன்று, அரைக்கால் சட்டையோடு வாசலில் நின்றுகொண்டு, என் அப்பா யார், நான் எதுவரை படித்தேன், எனக்கு எந்தப் பல் சொத்தை என்பதுவரை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் ஒலிபரப்பிக்கொண்டிருந்தான். அன்றைக்கே காதைத் திருகினேன். அந்த உரிமையில்தான் இன்றும் 'டா' போட்டுப் பேசுகிறேன்.

அவன் வாய் அவனை எந்த வேலையிலும் நிலைக்க விடவில்லை. முடிதிருத்தும் கடையில் சேர்ந்தான். கதை சொல்லும் சுவாரசியத்தில் ஒருவருடைய மீசையில் பாதியை எடுத்துவிட்டான். போட்டோ ஸ்டுடியோவில் சேர்ந்தான். பாஸ்போர்ட் படம் எடுக்க வந்தவர்களெல்லாம் அவன் பேச்சில் பல்லைக் காட்டிவிட, படங்கள் திரும்பி வந்தன. கடைசியில் அவன் அண்ணன், அதாவது என் வீட்டுக்காரர், ஆற்றங்கரையில் ஷெட் போட்டுக் கயாக் படகுகள் வாங்கியபோது, "இவனை வழிகாட்டியாப் போட்டுடலாம். ஆத்து நடுவுல யாரும் எழுந்து ஓட முடியாது" என்றார். உருப்படியாக அமைந்த வேலை அது ஒன்றுதான்.

கயாக் என்பது ஒருவரோ இருவரோ காலை நீட்டி உட்காரும் ஒடுக்கமான படகு. இரண்டு முனையும் அகன்ற துடுப்பால் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் என்று மாற்றி மாற்றித் தள்ள வேண்டும். ரேடியோ முதல் படகில் போவான். நான் கடைசிப் படகு. யாராவது பின்தங்கினால், நாணலுக்குள் போய்ச் செருகிக்கொண்டால், பயத்தில் துடுப்பைக் கைவிட்டால் எல்லாம் என் தலையில். பேச்சு அவனுக்கு, பாடு எனக்கு.

சும்மா சொல்லக்கூடாது, ஆற்றை அவன் காட்டுகிற அழகே தனி. ரயில் பாலத்துத் தூணை ஒட்டிய மண்கரையில் மீன்கொத்தி வங்கு தோண்டியிருப்பதைக் காட்டுவான். பட்டுப்போன மரத்தில் நீர்க்காகங்கள் இறக்கையை விரித்துக் காயவைப்பதைப் பார்த்து, "நம்ம அண்ணி துணி காயப்போடறது மாதிரியே இல்ல?" என்பான். நீர்நாய் தலை தூக்கினால் மட்டும் வாயை மூடிக்கொண்டு விரலை நீட்டுவான். அவன் வாயை மூட வைத்த ஒரே பிராணி அதுதான்.

எல்லாம் நன்றாகத்தான் போனது, மதகு வீடு வரைக்கும்.

ஆறு திரும்புகிற இடத்தில் பழைய மதகு ஒன்று இருக்கிறது. துருப்பிடித்த இரும்புக் கதவுகள், பக்கத்தில் கூரை போன ஓர் அறை, அதன் பின்னால் பெரிய மரம். அந்த மரத்தில்தான் இராக்கொக்குகள் அடைந்திருக்கும். இரவெல்லாம் மீன் பிடித்துவிட்டுப் பகலில் தூங்குகிற பறவைகள். அந்த அறையில் ஒரு காலத்தில் மதகுக்காரர் ஒருவர் இருந்தார். ரேடியோ பிறப்பதற்கு வெகுநாள் முன்பு வந்த பெருவெள்ளத்தில் மதகுக் கதவு திறக்கப்படவில்லை. கரை உடைந்து கீழ்த்தெரு முழுக்க மூழ்கியது. மதகுக்காரரும் போய்ச் சேர்ந்தார். கதவை ஏன் திறக்கவில்லை என்பது யாருக்கும் தெரியாது. சுழற்றுகிற சக்கரம் சிக்கிக்கொண்டது என்றார்கள், மேலிடத்து உத்தரவு வரவில்லை என்றார்கள். இவ்வளவுதான் கதை.

ஆரம்பத்தில் ரேடியோ இதை இப்படியேதான் சொன்னான். 'தெரியாது' என்றதும் வந்தவர்கள் முகம் தொங்கிப்போய், கைப்பேசியை எடுத்துவிடுவார்கள். அதை அவனால் தாங்க முடியவில்லை. ஒருநாள் யாரோ, "ஆளு தூங்கியிருப்பானோ?" என்று கேட்டார்கள். இவன், "வேற என்ன, தூக்கம்தான்" என்றான். சிரித்தார்கள். அடுத்த தடவை அதில் கொஞ்சம் சாராயம் சேர்ந்தது. அதற்கடுத்த தடவை குறட்டை.

அந்தக் குறட்டை யாருடையது என்று எனக்குக் கேட்டதுமே தெரிந்துவிட்டது. என் மாமனாருடையது. பலகை அறுப்பது போல ஓர் இழுப்பு, ஆள் இருக்கிறாரா போய்விட்டாரா என்று நம்மைக் கலங்கடிக்கும் ஒரு நிறுத்தம், கடைசியில் சின்னதாய் ஒரு விசில். அவர் காலமாகி வெகுநாள் ஆகியும் அச்சுப்பிசகாமல் இவன் வாயில் வந்தது. அந்தச் சத்தத்துக்கு மரத்திலிருந்த இராக்கொக்குகள் அத்தனையும் அலறிப்புடைத்துக்கொண்டு எழும்பின. தலைக்குமேல் வானமே சாம்பல் நிறமாகிவிட்டது. கைதட்டல் என்றால் அப்படி ஒரு கைதட்டல். அதிலிருந்து ஒவ்வொரு பயணத்திலும் குறட்டை, ஒவ்வொரு பயணத்திலும் பறவைகள். "பகல்ல தூங்கறதுங்களை ஏன்டா எழுப்பறே?" என்று இரண்டு மூன்று தடவை கடிந்தேன். "அதுங்களும் ஷோல பங்கு எடுத்துக்குது அண்ணி" என்றான்.

இப்படி இருக்கும்போதுதான் அந்தத் தையல்காரம்மா வந்தார்.

வயதானவர், தனியாக வந்திருந்தார். வெளியூரில் தையல்கடை வைத்திருப்பதாகச் சொன்னார். தண்ணீரைக் கண்டதும் இரண்டடி பின்வாங்கினார். பிறகு எதற்கு இந்த வயதில் கயாக் என்று எனக்குள் முணுமுணுத்தபடி லைஃப் ஜாக்கெட்டை மாட்டிவிட்டேன். அவரோ ஜாக்கெட்டைப் புரட்டி, "வார் பிரிஞ்சிருக்கே. திரும்பி வந்ததும் ஊசி நூல் குடுங்க, தைச்சுத் தர்றேன்" என்றார். பயந்த ஆளாயிற்றே என்று ரேடியோ தன்னுடைய இருவர் படகிலேயே அவரை முன்னால் உட்காரவைத்துக்கொண்டான்.

மதகு வீடு வந்தது. இவன் தூக்கம், சாராயம், குறட்டை எல்லாவற்றையும் அரங்கேற்றினான். பறவைகள் கிளம்பின. எல்லோரும் சிரித்தார்கள். தையல்காரம்மா மட்டும் பறவைகளைப் பார்க்கவில்லை. அந்தக் கூரையில்லாத அறையையே பார்த்துக்கொண்டிருந்தார். முதுகு இவன் பக்கம் இருந்ததால் இவனுக்கு முகம் தெரியவில்லை. மதகுப் பக்கமாய் ஒதுங்கி நின்ற என் படகிலிருந்து எனக்குத்தான் தெரிந்தது.

திரும்பி வந்து எல்லோரும் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது அந்த அம்மா சொன்னபடியே ஜாக்கெட்டை மடியில் போட்டுத் தைத்துக்கொண்டிருந்தார். ரேடியோ பக்கத்தில் போய், "பயணம் எப்படிம்மா இருந்துச்சு?" என்றான். பாராட்டு வாங்கும் பழக்கம்.

"நல்லா இருந்துச்சுப்பா. இதுக்காகத்தான் வந்தேன். அந்த மதகுக்காரர் என் அப்பா."

ரேடியோவின் கையிலிருந்த கோப்பை அப்படியே நின்றது.

"நான் அப்ப அம்மா வயித்துல. வெள்ளம் வடிஞ்சதும் அம்மா இந்த ஊரை விட்டுப் போயிட்டா" என்று ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார். "அவரைப் பத்திக் கேட்டா ஒண்ணே ஒண்ணுதான் சொல்லுவா. 'கதவைத் திறக்கத்தான் போனாரு'ன்னு. சாகிற வரைக்கும் அதேதான். நானும் நம்பிட்டிருந்தேன். பாவம், பெத்த பிள்ளைக்காகச் சொல்லியிருக்கா. நிஜம் இன்னைக்குத்தான் தெரிஞ்சுது."

நான் கொழுந்தன் முகத்தைப் பார்த்தேன். சொல்லுடா, இப்போதே சொல்லிவிடு என்று கண்ணால் தள்ளினேன். வாயைத் திறந்தான். காற்றுதான் வந்தது. அதற்குள் இளவட்டங்கள் சிலர் வந்து, "அண்ணா, அந்தக் குறட்டையை ஒரு தடவை பண்ணுங்க, வீடியோ எடுத்துக்கறோம்" என்றார்கள். தையல்காரம்மா நூலைப் பல்லால் கடித்து அறுத்து, ஜாக்கெட்டை என் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

அன்று மதியம் ரேடியோ சாப்பிடவில்லை. ஷெட்டில் காய்ந்துகொண்டிருந்த ஜாக்கெட்டுகளைக் காய்ந்த பிறகும் திருப்பித் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தான். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை.

"நாள் முழுக்க வாய் ஓயாது. பேச வேண்டிய இடத்துல மட்டும் பூட்டுப் போட்டுக்கிச்சோ?"

"என்னன்னு அண்ணி சொல்றது? உங்க அப்பாவைக் குடிகாரனாக்கினது நான்தான்னா? எத்தனை பேர்கிட்ட சொல்லியிருக்கேன், தெரியுமா? ஒவ்வொருத்தரும் வீட்டுக்குப் போய் நாலு பேருக்குச் சொல்லியிருப்பாங்க." கையிலிருந்த ஜாக்கெட்டை மறுபடி திருப்பிப் போட்டான். "செத்துப்போன மனுஷன், வந்து கேக்கவா போறாருன்னு நினைச்சேன்."

"அவர் வரலை. மகள் வந்துட்டாங்க. ஊருக்கே போய்ச் சொல்ல உன்னால ஆகாது. அந்த ஒருத்தர்கிட்டயாவது சொல்லு. கிளம்பு."

பேருந்து நிலையத்தை ஒட்டிய லாட்ஜில் தங்கியிருப்பதாக அவர் சொல்லியிருந்தார். நாங்கள் போனபோது வெயில் தணிந்திருந்தது. வரவேற்பறையில், மீன் ஒன்றும் இல்லாமல் குமிழி மட்டும் விட்டுக்கொண்டிருந்த தொட்டியின் பக்கத்தில், பையை மடியில் வைத்துப் பேருந்துக்காக உட்கார்ந்திருந்தார். ரேடியோ நாற்காலியில் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னான்.

"அம்மா, காலைல நான் சொன்னது பொய். தூங்கினாரு, குடிச்சாருன்னு யாரும் சொன்னதே இல்லை. நானா கட்டிவிட்டது."

அவர் சிரித்தார். நிஜமாகவே கனிவான சிரிப்பு. "இதைச் சொல்லவா இவ்வளவு தூரம் வந்தே? நல்ல மனசுப்பா."

"சத்தியமாம்மா. சிரிக்க வைக்கறதுக்காகச் சொன்னேன்."

"நான் யாருன்னு தெரியாதப்ப சொன்னது நிஜம். தெரிஞ்ச பிறகு சொல்றது ஆறுதல். இந்த வயசுல எனக்கு அது கூடவா புரியாது?"

பொய்யை ஒரே மூச்சில் நம்பியவர் உண்மையைக் கருணை என்று ஒதுக்கிவிட்டார். ரேடியோ என்னைத் திரும்பிப் பார்த்தான், சின்ன வயதில் ஏதாவது உடைத்துவிட்டால் பார்ப்பானே, அப்படி.

"வந்ததும் நல்லதாப் போச்சு" என்றார் தையல்காரம்மா. "உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். அப்பா உயரமா குட்டையான்னு கூட எனக்குத் தெரியாது. ஒரு படம் இல்லை, எல்லாம் வெள்ளத்துல போச்சு. காலைல நீ அந்தச் சத்தம் பண்ணினப்ப முதல்ல கோபம்தான் வந்துச்சு. ரூமுக்கு வந்து படுத்தா, காதுக்குள்ள அதேதான். அப்படி ஒரு ஆளு நிஜமாவே இருந்திருக்காரு, தூங்கியிருக்காரு, குறட்டை விட்டிருக்காருன்னு இன்னைக்குத்தான் எனக்குத் தோணுச்சு. ஊர்ப் பெரியவங்க யாரோ கேட்டதைத்தானே உனக்குச் செஞ்சு காட்டியிருப்பாங்க?" கொஞ்சம் வெட்கப்பட்டுக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். "இன்னொரு தடவை பண்ணிக் காட்டுறியா? கேட்டுட்டுப் போயிடறேன்."

வரவேற்பு மேசையில் இருந்தவர் சாவிகளை மாட்டுவதை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார். உண்மையைச் சொல்கிறேன், அந்த நொடியில் எனக்கே தோன்றியது: பண்ணிவிடேன்டா, அந்த அம்மா அதையாவது எடுத்துக்கொண்டு போகட்டும். ரேடியோவின் உதடு ஒருமுறை குவிந்துகூட விட்டது. பிறகு மாட்டேன் என்று தலையை ஆட்டினான்.

"அது எங்க அப்பாவோட குறட்டைம்மா."

தையல்காரம்மா என்னைப் பார்த்தார்.

"ஆமாம்மா" என்றேன். "என் மாமனாருது. கடைசியில வர்ற அந்த விசில் வரைக்கும்."

அதை நம்பினார். முகத்தில் அது இறங்குவதைப் பார்த்தேன். பையின் ஜிப்பை இழுத்து மூடினார், மூடியதைத் திறந்தார், மறுபடி மூடினார்.

"அப்ப அதுவும் அவரோடது இல்லையா?"

"இல்லம்மா" என்றான். "அவரைப் பத்தி எனக்கு ஒண்ணுமே தெரியாது. உங்கம்மா சொன்னதுதான் நிஜமா இருக்கும். என்னை மன்னிச்சுடுங்க."

அவர் மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. தொட்டியின் குமிழிகள் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"உங்க அப்பா இருக்காரா?"

"இல்லம்மா. போயிட்டாரு."

"போயிட்டாலும் குறட்டை வரைக்கும் ஞாபகத்துல வச்சிருக்கே. குடுத்து வச்சவன்பா நீ."

குத்திக்காட்டவில்லை. மனசாரத்தான் சொன்னார். திட்டியிருந்தால் இவன் பிழைத்திருப்பான். பையைத் தூக்கிக்கொண்டு பேருந்துவரை போனான், ஜன்னலோர இருக்கை பிடித்துக் கொடுத்தான், வண்டி கிளம்பும்வரை ஜன்னலுக்குக் கீழேயே நின்றான்.

இப்போதும் அவன்தான் முதல் படகு. மதகு வீடு வந்தால் துடுப்பைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, "இங்க ஒருத்தர் வேலை பார்த்தாரு. வெள்ளத்துல கதவைத் திறக்கப் போனாருன்னு அவர் வீட்ல சொல்றாங்க. அதுக்கு மேல தெரியாது" என்கிறான். முன்பு யாரோ எடுத்துப் போட்ட வீடியோவைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் விடுவதில்லை. "தூங்கிட்டான்னு சொல்லுவீங்களாமே?" என்கிறார்கள். "அது நான் சொன்ன பொய்ங்க" என்றால், புது நகைச்சுவை என்று அதற்கும் சிரிக்கிறார்கள். ஒருநாள் ஒருவர் தானே குறட்டை விட்டுப் பறவைகளை எழுப்பினார். அவை திரும்பி வந்து அடையும்வரை ரேடியோ எல்லோரையும் அசையாமல் நிறுத்திவைத்தான்.

என் வீட்டுக்காரருக்கும் வயதாகிறது. போன வாரம் சாப்பாட்டுக்குப் பிறகு ஷெட்டிலேயே நாற்காலியில் கண்ணயர்ந்தார். கொஞ்ச நேரத்தில் அதே இழுப்பு, அதே நிறுத்தம், அதே விசில். மகன் அப்பனாகிவிட்டார் என்று எனக்குச் சிரிப்பு வந்தது. படகைக் கழுவிக்கொண்டிருந்த ரேடியோவைப் பார்த்தேன், சிரிப்பு போய்விட்டது.

"எழுப்பவாடா?" என்றேன்.

"வேண்டாம் அண்ணி, தூங்கட்டும்" என்றான். ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போனான். அண்ணன் கண் விழிக்கும்வரை திரும்பி வரவில்லை.