சுவர் வெடிப்புக்குத் திரை கட்டிய டீச்சர்

மனுவோடு அலைகிறவர்களுக்குச் செருப்புத் தேயும் என்பார்கள். எனக்கு மானமும் சேர்ந்து தேய்ந்தது. உங்களில் யாராவது பஞ்சாயத்து ஆபீஸ் வராந்தாவில் காத்துக் கிடந்திருந்தால் என் பாடு புரியும்.

முதலமடைப் பக்கம், மாந்தோப்புகளுக்கு நடுவே ஒரு அங்கன்வாடிக்கு நான் டீச்சர். பதினாலு பிள்ளைகள், ஒரு வாடகை அறை, ஷீட் கூரை. அடுத்த மாங்காய் சீசனுக்குப் பெட்டி அடுக்க அறை வேண்டும், காலி செய்யுங்கள் என்று உரிமையாளர் சொல்லிவிட்டார். ஒரு தோட்டக்காரர் மூன்று சென்ட் இடம் எழுதிக் கொடுத்திருக்கிறார். கட்டிடத்துக்குப் பஞ்சாயத்து இந்த வருஷமே பணம் ஒதுக்க வேண்டும். இல்லையென்றால் லாரி பறக்கும் மெயின் ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிற அங்கன்வாடியோடு எங்களைச் சேர்த்துவிடுவார்கள். விடியுமுன் வேலைக்கு ஓடுகிற தாய்மார் அவ்வளவு தூரம் எங்கே கொண்டுபோய் விடுவது? பிள்ளைகள் மாங்காய்க் கொட்டகையில்தான் கிடக்கும்.

கையெழுத்து வேட்டை

நிவேதனம் என்று இங்கே சொல்கிற மனுவில் கையெழுத்து வாங்கக் கொட்டகைக்குப் போனேன். சரசு அங்கே காய் தரம் பிரித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய மூன்று வயது மகன் கவின் எங்கள் அங்கன்வாடியில்தான் இருக்கிறான். நானோ பிரசங்கமே வைத்தேன். "அரசாங்கம் செலவு பண்ணி நடத்துற இடத்த நாமதான் காப்பாத்தணும். இங்கிலீஷ் நர்சரியெல்லாம் வெறும் பகட்டு. இந்த வயசுப் பிள்ளைக்கு அங்கன்வாடிதான் நல்லது!" பெண்கள் வேலையை நிறுத்திக் கேட்டார்கள்.

அந்த நேரம் பார்த்தா இங்கிலீஷ் நர்சரியின் மஞ்சள் வேன் ரோட்டில் வர வேண்டும்! ஜன்னலில் கழுத்து டையோடு ஒரு குட்டி "அம்மா!" என்று கத்திக் கையாட்டியது. எனக்கு மண்ணுக்குள் போய்விடலாம் போலிருந்தது. சரசு கையெழுத்தைப் போட்டுவிட்டுப் பேனாவை நீட்டினாள்.

"ஏனுங்க டீச்சர், அந்த வேன்ல டாட்டா காட்டறது உங்க பாப்பாதானுங்களே?"

ஆபீசர் வருகிறார்

கட்டிடம் அவசியமா என்று பார்க்க ஆபீசர் வருவதாகச் சொன்னார்கள். வருகிறவர் முன்னால் வீட்டை அலங்கோலமாகப் போட்டு வைக்கலாமா? அப்படி வளர்ந்த கை சும்மா இருக்கவில்லை. நானும் ஹெல்பர் பொன்னியக்காவும் முந்தின நாளே சுண்ணாம்பு அடித்தோம். சுவர் வெடிப்பை மறைத்துப் பூப்போட்ட திரை கட்டினோம். ஒழுகுகிற இடத்துக்குக் கீழே வைக்கிற வாளியைக்கூட எடுத்து ஒளித்தோம். கல்யாணப் பந்தல்காரரிடம் குட்டி நாற்காலிகளும் வாங்கிப் போட்டோம்.

மழையும் சதி செய்தது, அன்றைக்கு ஒரு துளி விழவில்லை. ஆபீசர் இளநீர் குடித்தார், பிள்ளைகளிடம் பாட்டுக் கேட்டார், "கொள்ளாமல்லோ டீச்சரே!" என்று, நன்றாயிருப்பதாக மலையாளத்தில் மெச்சினார். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. 'நல்ல நிலையில் உள்ளது' என்று அவர் எழுதியதைப் படித்த பிறகுதான் செய்த மடத்தனம் உறைத்தது. ஜீப் போனதும் பொன்னியக்கா தலையில் கை வைத்தாள்.

"பொண்ணு பாக்க வந்தவங்களுக்குக் காட்டற மாதிரி காட்டிப்போட்டமுங்களே, டீச்சர்!"

கிராமசபை

கிராமசபையில் வார்டு மெம்பர் ஆபீசரின் அறிக்கையை வாசித்தார். இப்போதைக்கு அவசரமில்லை, கட்டிடத்தை அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார். நான் எழுந்து, "மறைத்தது நான்தான்" என்று சொல்லியிருக்க வேண்டும். ஒரே ஒரு வாக்கியம். ஆனால் ஆபீசரை ஏமாற்றினேன் என்று மெமோ வருமே என்று பயம். முந்தானையைத் திருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சீ, இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

எழுந்தது சரசு. அரை நாள் கூலியை விட்டுவிட்டு, கவினை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்திருந்தாள். "அந்தத் திரையக் கட்டுனது நானுங்க. வர்றவங்க கண்ணுக்கு நல்லா இருக்கோணும்னு கட்டிப்போட்டேன். அதுக்குப் பின்னால என்ற கையே போற அளவு வெடிப்புங்க. டீச்சருக்குத் தெரியாதுங்க" என்றாள். அவள் அந்தத் திரையைத் தொட்டதுகூட இல்லை. அப்போதும் நான் எழுந்திருக்கவில்லை. ஆபீசர் மறுபடி வந்து பார்த்தார், கட்டிடம் இந்த வருஷத் திட்டத்திலேயே சேர்ந்தது.

அன்று கிராமசபை முடிந்து வெளியே வந்ததும் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "எதுக்கு சரசு பழிய நீ ஏத்துக்கிட்ட?" என்று கேட்டேன். அவள் கோபமே இல்லாமல் சொன்னாள்.

"நீங்க எந்திரிப்பீங்கன்னு கொஞ்ச நேரம் பாத்துட்டேதானுங்க டீச்சர் இருந்தேன்."

இப்போது அஸ்திவாரம் தோண்டுகிறார்கள். கட்டிடம் எழும்பியதும் அதற்குள் நின்று பிள்ளைகளுக்கு 'எப்போதும் உண்மையே பேச வேண்டும்' என்று சொல்லித்தர அரசாங்கம் சம்பளம் கொடுத்து வைத்திருப்பது என்னைத்தான்.