பின்னால் உட்கார்ந்து வரைந்த யானை

ஈரச் சுண்ணாம்பின் மணம் எங்கிருந்து வந்தாலும், காஞ்சிபுரத்தில் நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்த சின்னப் பள்ளிக்கூடமும், புதிதாக வெள்ளையடித்த அதன் தெருப்பக்கத்துச் சுவரும் நினைவுக்கு வந்துவிடும். எழுபதுகளின் தொடக்கம் அது. சேலத்துப் பக்கமிருந்து மாற்றலாகி வந்த சரோஜா டீச்சர் எங்களுக்குப் படம் வரையச் சொல்லிக்கொடுத்தார். வண்ணப் பெட்டியெல்லாம் கிடையாது. அடுப்புக்கரி, செங்கல் தூள், துணிக்குப் போடும் நீலம், அவ்வளவுதான். "தெரிஞ்சதைப் போடாதீங்க கண்ணுங்களா, பாத்ததைப் போடுங்க" என்று ஓயாமல் சொல்வார்.

பிள்ளைகள் வரைந்த படம் ஒன்றை அந்தச் சுவரில் பெரிதாகத் தீட்டிப் பார்த்துவிட வேண்டும் என்பது டீச்சரின் ஆசை. பெரிய வாத்தியாரிடம் கெஞ்சி அனுமதி வாங்கி, குளித்துவிட்டு வெறும் நெற்றியோடு எங்கள் தெரு வழியே திரும்பும் கோயில் யானையைப் பாகனிடம் சொல்லி நிறுத்தி, முப்பது பேரையும் சிலேட்டும் பலப்பமுமாக உட்காரவைத்தார். எல்லாரும் முன்னால் இடம் பிடிக்க முண்டியடித்தார்கள். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாலே வியர்த்துப்போகும் நான், எவர் கண்ணிலும் படாமல், வாலுக்கு நேரே பத்தடி தள்ளி உட்கார்ந்துகொண்டேன்.

துதிக்கை வரை ஒழுங்காகத்தான் போனது. நெற்றிக்கு வந்ததும் சண்டை மூண்டது. கோயில் யானைக்குப் போடும் நாமத்துக்குக் கீழே, துதிக்கைமேல் இறங்கும் "பாதம்" உண்டா இல்லையா என்பது எங்கள் ஊரில் வடகலைக்கும் தென்கலைக்கும் பாட்டன் காலத்து வழக்கு. டீச்சருக்கு அது தெரியாது.

"டீச்சர், இவன் பாதம் வெச்சுக்கினு இருக்கான் டீச்சர்!"

"வெப்பேன்டா. ஆனை உங்க வூட்டுதா?"

சிலேட்டுகள் மோதி இரண்டு உடைந்த பிறகு பெரிய வாத்தியார் வெளியே வந்தார். "வாணாம்மா. பாதம் வெச்சா ஒரு கட்சி வரும், வெக்கலைன்னா இன்னொரு கட்சி வரும்."

"நாமமே இல்லாம வரைஞ்சுடறோம் சார்."

"அப்ப ரெண்டு கட்சியும் சேந்து வரும்மா. செவுரு செவுராவே இருக்கட்டும்."

டீச்சரின் முகம் வாடிப்போனது. சிலேட்டுகளைத் திரட்டிக்கொண்டு வந்தவர், முதுகுக்குப் பின்னால் நான் மறைத்துவைத்திருந்ததையும் பிடுங்கினார். உருண்டையாக ஒரு பின்புறம், தூண் மாதிரி இரண்டு கால், நடுவில் வால், இரு பக்கமும் துளித்துளிக் காது.

"ஏண்டா, மூஞ்சி எங்க?" என்றார் எட்டிப் பார்த்த பெரிய வாத்தியார்.

"அந்தப் பக்கம் இருக்குது சார்."

அவர் வயிறு குலுங்கச் சிரித்ததை அன்றுதான் பார்த்தோம். "இதுக்கு எந்தக் கட்சியும் வராதும்மா. போட்டுடுங்க!"

அன்று முழுக்க வகுப்பே கரி பூசிக்கொண்டு திரிந்தது. வாலை மட்டும் நான்தான் வரைய வேண்டும் என்றார் டீச்சர். எல்லாருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றதால் ஒரே இழுப்பில் வரைந்துவிட்டேன். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் முகத்தைப் பார்ப்பதற்காகச் சுவரைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் ஓடினார்கள்.

ஐந்தாம் வகுப்பு முடிந்ததும் தறிக்குப் போய்விட்டேன். அந்தச் சுவரும் இப்போது இல்லை. புதுச் சுவரில் கூலிக்கு வந்த பெயிண்டர் ஒருவர், நெற்றியில் பூ வைத்துச் சிரிக்கும் யானையொன்றைப் பளபளவென்று வரைந்திருக்கிறார். போன மாதம் அவ்வழியே போனபோது, யாரும் பார்க்கவில்லை என்று உறுதிசெய்துகொண்டு, மெல்ல உள்ளே நுழைந்து சுவரின் அந்தப் பக்கத்தைப் பார்த்தேன். வெறும் வெள்ளை, வாலை யாரும் வரையவில்லை. ஒரு துண்டு அடுப்புக்கரிக்கு இப்போது எங்கே போவது?