முற்றத்தை மூடிய அப்பா

அப்பா மறைந்த முதலாண்டுத் திருப்பலிக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் எங்கள் வணக்கம். அப்பாவின் உழைப்பையும் பொறுமையையும் எழுதினால் போதும் என்றுதான் முதலில் நினைத்தேன். எழுத உட்கார்ந்தபோது நாங்கள் வாழ்ந்த பழைய வீடு முன்னால் வந்து நின்றது. அதைச் சொல்லாமல் அப்பாவைச் சொல்ல எனக்கு வழி தெரியவில்லை.

அப்பா நாகப்பட்டினத்துக்கு அருகில் பிறந்தவர். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு கப்பலேறிச் சிங்கப்பூருக்கு வந்து துறைமுகக் கிடங்கில் வேலைக்குச் சேர்ந்தார். அம்மாவை மணந்ததும் குடிவைத்தது சிராங்கூன் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டப்பட்ட கடைவீடு ஒன்றின் மாடியில். நானும் அண்ணனும் அங்கேதான் வளர்ந்தோம்.

வீட்டின் முகப்பு குறுகலானது. உள்ளே போகப்போக நீண்டுகொண்டே இருக்கும். வாசலில் ஐந்தடிப் பாதை என்னும் கூரையிட்ட நடைபாதை, அதன் சுவரில் பூப்போட்ட வண்ண ஓடுகள். மாடி சன்னல்களுக்கு மேலே சுண்ணாம்பில் செய்த மாலைகளும் பறவைகளும். இருபுறமும் அடுத்த வீட்டுச் சுவர்கள் ஒட்டியிருந்ததால் பக்கவாட்டில் சன்னலே கிடையாது. காற்றும் வெளிச்சமும் வந்தது நடுவிலிருந்த திறந்த முற்றத்தின் வழியாகத்தான். கீழ்த்தளத்திலிருந்து கூரைவரை அது திறந்தே கிடக்கும். எங்கள் அறைகளின் சன்னல்கள் அதைப் பார்த்தே இருக்கும். கீழே, நாங்கள் மில் மாமா என்று கூப்பிட்டவர் மசாலா அரைக்கும் மில் வைத்திருந்தார். மிளகாய் நெடி முற்றத்தின் வழியே ஏறி வானத்துக்குப் போய்விடும்.

எழுபதுகளின் நடுவில், அண்ணனுக்கும் எனக்கும் படிக்க இடமில்லை என்று அப்பா கவலைப்பட்டார். மாடியளவில் முற்றத்தின் குறுக்கே பலகை அடித்து, மேலே தகரம் போட்டு ஓர் அறை கட்டத் தீர்மானித்தார். அம்மாவுக்கு அதில் விருப்பமில்லை.

"மூடாதீங்க. வீட்டுக்குள்ள காத்தே வராது."

"ஒரு ஃபேன் வாங்கிட்டா போச்சு லா. புள்ளைங்க படிக்க வேணாமா?"

படிப்பு என்று சொன்ன பிறகு அம்மா இணங்கிவிட்டார்கள்.

புது அறையில் நானும் அண்ணனும் மேசை போட்டுக்கொண்டோம். எங்களுக்கு அது அரண்மனை. ஆனால் நெடி போக வழியில்லாமல் வீட்டுக்குள்ளேயே சுற்றியது. அம்மாவுக்கு எப்போதாவது வந்த மூச்சிளைப்பு அடிக்கடி வர ஆரம்பித்தது. அடுத்த ஆண்டு மழைக்காலத்தில், மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் வழியிலேயே அம்மா இறைவனடி சேர்ந்தார்கள்.

நோய் முன்பே இருந்தது, யார் மீதும் குற்றமில்லை என்றார் மருத்துவர். அப்பா அதை ஏற்கவில்லை. அன்றிலிருந்து மாடியில் தூங்குவதை விட்டுவிட்டார். ஐந்தடிப் பாதையில் கேன்வாஸ் கட்டில் விரித்துப் படுத்துக்கொண்டார். அறையைப் பிரித்துவிடலாம் என்று அண்ணன் ஒருமுறை சொன்னபோது அப்பா தடுத்தார்.

"இப்பப் பிரிச்சா அவ போனது வீணாப் போயிடும்டா. படிங்க."

அந்த அறையில் படித்துத்தான் அண்ணன் சாங்கி விமான நிலையத்தில் வேலைக்குப் போனார், நான் ஆசிரியரானேன். என் நியமனக் கடிதத்தைப் பார்த்து எல்லாரும் மகிழ்ந்தபோது அப்பா அம்மாவின் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். என்னாலும் நிம்மதியாகச் சிரிக்க முடியவில்லை. ஒவ்வொரு தவக்காலமும் அப்பா சாமியாரிடம் தன் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டு வாடிய முகத்தோடு வருவார். ஒருநாள் அவரே சொன்னார்: "சாமியார் இது பாவமே இல்லைங்கிறாரு. அப்ப நான் யாருகிட்டப் போய் மன்னிப்புக் கேக்குறது?"

எண்பதுகளின் பிற்பகுதியில் எங்கள் வட்டாரத்துப் பழைய வீடுகளை அரசு பாதுகாக்கப்போவதாகச் செய்தி வந்தது. அரசுத் துறையிலிருந்து அளவெடுக்க ஓர் இளம்பெண் வந்தார். ஓடுகளையும் சுண்ணாம்புப் பூக்களையும் தொட்டுப் பார்த்து மகிழ்ந்தவர், தகரக் கூரையைக் கண்டதும் நின்றார். இதை மூடியது யார் என்று ஆங்கிலத்தில் கேட்டார். நான் அப்பாவிடம் தமிழில் சொன்னேன்.

"நான்தான்னு சொல்லும்மா. இதனாலதான் என் பொண்டாட்டி செத்தான்னும் சொல்லு."

முதல் பாதியை மட்டும் மொழிபெயர்த்தேன். அந்தப் பெண் குறித்துக்கொண்டு, இந்த வீடுகள் மூச்சு விடுவதே முற்றத்தின் வழியாகத்தான், பழுதுபார்க்கும்போது இதைத் திறந்தாக வேண்டும் என்றார். அதை அப்பாவிடம் எப்படிச் சொல்வதென்று நான் தடுமாறினேன்.

"வேணாம்மா, புரிஞ்சிருச்சு" என்றார் அப்பா.

அடுத்த ஞாயிறு, பூசை முடிந்து வந்ததும் அண்ணனைக் கூப்பிட்டுக்கொண்டு மேலே ஏறினார். தகரத்தைக் கழற்றினார், பலகைகளையும் ஒவ்வொன்றாகப் பிரித்தார். வெளிச்சம் கீழ்த்தளம்வரை விழுந்தது. மில் மாமா வெளியே வந்து அண்ணாந்து பார்த்தார்.

"என்னண்ணே, பிரிக்கச் சொல்லி நோட்டீஸ் வந்துருச்சா?"

"இல்ல. அவங்க சொல்லி நான் செய்யக்கூடாது. மூடினவன் நானே திறக்கணும்."

சில மாதங்களில் வீட்டுக்காரர் பழுதுபார்க்க வீட்டைக் கேட்டார். நாங்கள் ஆங் மோ கியோவில் ஓர் அடுக்குமாடி வீட்டுக்குக் குடிபெயர்ந்தோம். அங்கே அப்பா நீண்ட நாள் இருக்கவில்லை; இதயம் தளர்ந்துவிட்டது. கடைசி வாரத்தில் எங்கள் இருவரின் கைகளையும் பிடித்து, "உங்க அம்மாவ உங்களுக்கு இல்லாமப் பண்ணிட்டேன். மன்னிச்சிடுங்க" என்றார். அண்ணன் அழுதுகொண்டே வெளியே போய்விட்டார். நான் போர்வையைச் சரிசெய்தேன். மறுநாள் அப்பா நினைவிழந்தார்.

அடக்கத்தன்று மில் மாமா என்னைத் தனியாக அழைத்தார்.

"உங்கம்மா போனதுக்கு என் மில்லுத் தூள்தான் காரணம்னு இத்தன வருஷமா மனசுக்குள்ள வச்சிருந்தேம்மா. உங்கப்பா ஒரு நாளும் ஒரு வார்த்த கேட்டதில்ல. கேட்டிருந்தா மில்ல எப்பவோ மூடியிருப்பேன்."

மேலும் கீழுமாக ஒரே கூரையின் கீழ் வாழ்ந்த இரண்டு பேர், ஒரே பாரத்தை ஆளுக்கொரு பக்கமாகச் சுமந்திருக்கிறார்கள். அப்பாவுக்கு இது தெரியாமலே போய்விட்டது.

அப்பாவின் கடைசி நேரத்தில் நோயில் பூசுதல் சடங்கு செய்த பங்குத்தந்தைக்கும், மருத்துவமனைத் தாதியருக்கும், அடக்கத்துக்குத் தோள் கொடுத்த துறைமுக நண்பர்களுக்கும், ஆங் மோ கியோவில் சோறாக்கிக் கொடுத்த அண்டை வீட்டாருக்கும் எங்கள் நன்றி. மில் மாமா, உங்கள் கோயில் வேறு என்று பின்னால் நிற்காமல் முன்வரிசையில் எங்களோடு உட்காருங்கள். நாங்கள் மன்னிக்கும்படி நீங்கள் எந்தத் தவறும் செய்யவில்லை. இதையே அப்பாவிடம் அவர் இருந்தபோது சொல்லத் தெரியவில்லை. உங்களிடமாவது சொல்லிவிடுகிறோம்.