‘டிஸ்க் ஃபால்ட்’ என்று எழுதச் சொன்னவருக்கு

ஏரியா மேனேஜர் சார், நீங்கள் பொய் சொன்னீர்கள். என்னையும் சொல்ல வைத்தீர்கள். இப்போது ஒரு தொழிற்பயிற்சி நிலையத்தில் ‘வாடிக்கையாளர் நம்பிக்கை’ பற்றி வகுப்பு எடுக்கிறீர்களாம். உங்கள் மாணவர்கள் இதையும் படிக்கட்டும்.

இரண்டாயிரங்களின் தொடக்கம். புதுச்சேரியில் ஒரு ஷோரூமில் நான் சர்வீஸ் மெக்கானிக். விசிடி போய் டிவிடி வந்துகொண்டிருந்த நேரம். எழுதக்கூடிய வெற்று டிவிடியில் பிளஸ், மைனஸ் என்று இரண்டு ரகம். கம்பெனிகள் இரண்டு கட்சியாகப் பிரிந்து ஆளுக்கொன்றைப் பிடித்துக்கொண்டன. பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான், மேலே அச்சடித்த சின்னக் குறி மட்டும் மாறும். நாங்கள் விற்ற பிளேயர் மைனஸ் மட்டும் படிக்கும். ஊரில் பல ஸ்டுடியோக்கள் கல்யாண வீடியோவை பிளஸ்ஸில் எழுதிக் கொடுத்தன. எங்கள் பெட்டியில் இதைப் பற்றி ஒரு வரி கிடையாது.

மீட்டிங்கில் நீங்கள் சொன்னது எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது.

“கஸ்டமர்கிட்ட பிளஸ்ஸு மைனஸுன்னு கணக்குப் பாடம் எடுக்காதீங்கய்யா. ஓடலன்னா ஜாப் கார்டுல டிஸ்க் ஃபால்ட்னு போடுங்க.”

“டிஸ்க் நல்லா இருந்தா சார்?” என்று கேட்டேன்.

“நம்ம பிளேயர்ல ஓடலல்ல? அப்போ அது கெட்ட டிஸ்க்குதான்.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அந்த மாதமே மூலக்குளத்திலிருந்து செல்வி வந்தார். சேதராப்பட்டில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்பவர். கணவர் கோபால் பிளேயரை சைக்கிள் கேரியரில் கட்டி எடுத்து வந்திருந்தார்.

“எங்க கல்யாண டிஸ்க்கு அண்ணே. எங்கப்பாவுக்குப் போட்டுக் காட்டத்தான் பிளேயரே வாங்குனோம். டிஸ்க்க உள்ள வச்சுக்கிட்டே டிஸ்க் இல்லன்னு காட்டுது.”

சர்வீஸ் ரூமில் சோதனைக்காக வேறு கம்பெனி பிளேயர் ஒன்று வைத்திருந்தோம். அதில் போட்டேன். அருமையாக ஓடியது. பந்தியில் ஒரு பெரியவர் இலைக்கு இலை நின்று சாம்பார் ஊற்றச் சொல்லி அதட்டிக்கொண்டிருந்தார். கேமராவைப் பார்த்ததும் வெட்கப்பட்டுத் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். சிரித்துக்கொண்டே டிஸ்க்கை வெளியே எடுத்தேன். கஸ்டமரிடம் கொடுக்கும் ஜாப் கார்டில், ‘பழுது என்ன’ என்ற கட்டத்தில் ‘டிஸ்க் ஃபால்ட்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

“அப்போ ஸ்டுடியோக்காரன் ஏமாத்திட்டானா?” என்றார் கோபால்.

“அவரத்தான் கேக்கணும்” என்றேன்.

ஸ்டுடியோக்காரர் பிளேயர்தான் டப்பா என்றாராம். நாங்கள் டிஸ்க் கெட்டது என்றோம். வேலைக்கு லீவு போட்டு இரண்டு முறை அலைந்தார்கள். பிறகு விட்டுவிட்டார்கள்.

சில மாதம் கழித்து செல்வி தனியாக வந்தார். கையில் அதே டிஸ்க். கம்பி கட்டிய தடம், கீறல்கள், ஓரத்தில் உரிந்துபோன வெள்ளிப் பூச்சு. கெட்டுப்போனதுதானே என்று கோபால் அதை ரிஃப்ளெக்டராக சைக்கிளின் பின் மட்கார்டில் கட்டியிருக்கிறார்.

“நாத்தனார் வூட்ல வேற பிளேயரு. இதே ஸ்டுடியோவுல எழுதுன அவங்க டிஸ்க்கு அங்க ஓடுது அண்ணே. எங்கப்பா தவறிட்டாரு. ஃபோட்டோ இருக்கு. நடமாடுறது இதுல மட்டும்தான். ஏதாச்சும் பண்ண முடியுமா?”

இரண்டு பிளேயரிலும் போட்டுப் பார்த்தேன். படிக்கவில்லை. ஸ்டுடியோவில் இவர்கள் கல்யாணத்தை முதலில் படம்பிடித்த கேசட்டின் மேல் வேறு கல்யாணம் எடுத்துவிட்டார்கள்.

“அன்னைக்கு உள்ள எடுத்துட்டுப் போனீங்களே, ஓடுச்சா?”

“ஓடுச்சும்மா.”

“எங்கப்பா வந்தாரா? பந்தியில எல்லாரையும் அதட்டிக்கிட்டே இருந்திருப்பாரு.”

“வந்தாரு. பந்தியில நின்னாரு. கேமராவப் பாத்ததும் துண்டால மூஞ்சிய மூடிக்கிட்டாரு.”

“அவரு அப்படித்தான்” என்றார். கொஞ்ச நேரம் டிஸ்க்கையே திருப்பித் திருப்பிப் பார்த்தார். “நீங்க பாத்துட்டீங்க அண்ணே. நான் பாக்கல.”

மறுநாளிலிருந்து அப்படி வந்த ஒவ்வொரு ஜாப் கார்டிலும் நான் எழுதியது இதுதான்: ‘டிஸ்க்கில் பழுதில்லை. இந்த பிளேயர் பிளஸ் டிஸ்க் படிக்காது. விற்கும்போது நாங்கள் சொல்லவில்லை.’ ஜனங்கள் அந்தக் கார்டோடு நேராக சேல்ஸ் கவுண்டரில் போய் நின்றார்கள். நீங்கள் பாய்ந்து வந்தீர்கள்.

“யோவ், யார் சம்பளம் வாங்கிட்டு யாருக்குய்யா எழுதுற?”

“பழுது என்னன்னு கேக்குற கட்டம் சார் அது. இருக்கறதத்தான் எழுதுனேன்.”

“அத அடிச்சுட்டு டிஸ்க் ஃபால்ட்னு எழுது.”

“நீங்களே எழுதுங்க சார். கையெழுத்தும் நீங்களே போடுங்க.”

பேனாவை நீட்டினேன். நீங்கள் வாங்கவில்லை. அந்த வாரமே என்னை வேலையிலிருந்து நிறுத்தினீர்கள். அதற்காக நான் வருத்தப்பட்டதில்லை, இன்றும் இல்லை.

பின்னாளில் இரண்டையும் படிக்கும் பிளேயர் வந்தது. கம்பெனிகள் சமாதானமாகிவிட்டன. மூலக்குளத்துக்கு யாரும் போய் மன்னிப்புக் கேட்கவில்லை.

தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்ல வேண்டியது ஒன்றுதான். கண்ணால் காணாத பழுதை ஜாப் கார்டில் எழுதாதீர்கள். கஸ்டமர் அதை நம்பித்தான் வீட்டுக்குப் போகிறார்.

சார், என் பொய்யை நானே இங்கே எழுதிவிட்டேன். அடுத்த வகுப்பில் மாணவர்கள் எல்லோர் முன்னாலும் நின்று உங்கள் பங்கைச் சொல்லுங்கள். செல்வி கொண்டுவந்த டிஸ்க்கில் என்ன பழுது?