பள்ளம் பார்த்து இறக்கியவர்

எஸ்டேட் அடையாள அட்டையின்படி சுருளிவேல் ஆம்புலன்ஸ் ஓட்டுநர். அங்கே ஆம்புலன்ஸ் இருந்ததே இல்லை. இருந்தது ஏலக்காய் மூட்டை ஏற்றும் ஜீப்பு. ஆனாலும் மனிதருக்கு ஒரு கர்வம். மலைப்பாதையின் பள்ளங்கள் எல்லாம் அவருக்கு மனப்பாடம். ஒன்றிலும் சக்கரத்தை இறக்கியதில்லை.

அன்று மூட்டைகளுக்கு நடுவே எஸ்டேட் டாக்டர் தஸ்னீமும் தொழிலாளி ஒருவரின் எட்டு வயது மகள் மேகலாவும் போடி ஆஸ்பத்திரிக்கு மலையிறங்கினார்கள். பிள்ளை வலது காலை நொண்டினாள். வயிறு வலிக்கவே இல்லை என்று சாதித்தாள். மரத்திலிருந்து விழுந்திருப்பாள் என்பது எஸ்டேட்டின் ஏகமனதான முடிவு. டாக்டருக்கோ குடல்வால் மீது சந்தேகம். அது குடலுக்குப் பின்னால் ஒளிந்திருந்தால் காலில்கூட வலி காட்டும்.

"அண்ணே, ஏதாவது ஒரு பள்ளத்துல விடுங்க."

"என்ன டாக்டரம்மா, முட்டை ஏத்துனாக்கூட உடையாது நம்ம வண்டியில!"

"அதான் பிரச்சினையே. குலுங்குனா வயிறு வலிக்குதான்னு பாக்கணும்."

சுருளிவேலின் முகம் செத்துப்போயிற்று. "சின்னதா, பெருசா?"

"சின்னது போதும்."

தேர்ந்தெடுப்பதற்குள் இரண்டு கொண்டை ஊசி வளைவுகள் கடந்துவிட்டன. ஜீப்பு தொம்மென்று இறங்கியதும் மேகலா அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு அலறினாள். டாக்டர் அங்கிருந்தே போனில் ஆஸ்பத்திரிக்கு அறுவைச் சிகிச்சைக்குச் சொல்லி வைத்தார். வெடிப்பதற்கு முன்பே குடல்வாலை எடுத்துவிட்டார்கள்.

சுருளிவேல் செய்தது இவ்வளவுதான்: தெரிந்தே ஒரு பள்ளத்தில் இறக்கினார், மீதி எல்லாவற்றையும் விலக்கி ஓட்டினார்.