மூணு பிரைஸும் பாக்கியத்துக்கு

சுக்குத் தூசியும் பிளம் கேக்கும் கலந்த ஒரு வாசம்... டிசம்பர் பொறந்தா கொச்சி மட்டாஞ்சேரியில எங்க சந்து முழுக்க அதுதான். சுக்கு வாசம் பஜார் குடோன்ல இருந்து, கேக் வாசம் முக்குல இருந்த பேக்கரியில இருந்து.

நான் அப்ப பஜார்ல ஒரு மசாலா கம்பெனியில பில் போட்டுட்டு இருந்தேன். அந்த வேலைக்குப் போயி எனக்கு சந்தேக புத்தி வந்துச்சா, சந்தேக புத்தி இருந்ததால வேலை கிடைச்சுச்சான்னு தெரியாது. சாயாவைக்கூட மோந்து பாத்துட்டுக் குடிக்கற ஆளு நான்.

அந்த வருஷம் எங்க சந்து கமிட்டி கிறிஸ்துமஸ் கூப்பன் போட்டுச்சு. ஃபர்ஸ்ட் பிரைஸ் மிக்ஸி. செகண்ட், உயிரோட ஒரு தாராவு... அதான், வாத்து. தேர்ட், பிளம் கேக். எதுக்கு ஃபண்டுன்னு சொன்னா சிரிப்பீங்க. ஃப்ரீசர் பெட்டி வாங்கறதுக்கு. இறந்தவங்களைக் கிடத்தற பெட்டி.

ஆனா எங்க சந்துல யாரும் சிரிக்கலை.

அந்த மே மாசம்தான் பாக்கியம் அக்கா இறந்தாங்க. பஜார்ல மூட்டை தூக்கற மாடசாமி அண்ணனோட சம்சாரம். தென்காசியில இருந்து அவங்க கூடப்பொறந்தவங்க வந்து சேர மறுநாள் ஆயிடுச்சு. வாடகைக்குப் பெட்டி எங்கயும் கிடைக்கலை. ஹார்பர்ல மீனுக்குப் போடற ஐஸ் கட்டியக் கொண்டு வந்து சுத்தி அடுக்கினோம். அக்காவுக்கு மீன் வாசமே ஆகாது. உருகி ஓடின தண்ணிய அண்ணன் துணியால ஒத்தி ஒத்தி எடுத்துட்டே இருந்தாரு.

அதனால கூப்பன் விக்க அவருதான் முதல்ல கை நீட்டினாரு. பஜார்ல எல்லா கடையும் அவருக்குப் பழக்கம். நாங்க ஒரு புக்கு முடிக்கவே திணறும்போது அவரு புக்கு புக்கா வாங்கிட்டுப் போனாரு.

எனக்கு அங்கதான் பொறி தட்டுச்சு...

அடிக்கட்டையில வாங்கினவங்க பேரை எழுதி, கிழிச்சு, டப்பாவுல போடணும். அதைக் குலுக்கித்தான் பிரைஸ். கணக்கு என் பொறுப்புங்கறதால மத்தவங்க எல்லாம் போடறதுக்கு முன்னாடி என்கிட்ட காட்டுவாங்க. அண்ணன் மட்டும் துண்டுக்குள்ள சுருட்டிக் கொண்டு வந்து, நேரா செக்ரட்டரி சேவியர் சேட்டன் வீட்ல இருந்த டப்பாவுல போட்டுட்டுப் போயிடுவாரு.

"காட்டுங்கண்ணே, சரி பாத்துத் தர்றேன்"னு ஒரு நாள் மறிச்சேன்.

"எல்லாம் சரியாத்தான் இருக்கு தங்கச்சி"ன்னு முகத்தைத் திருப்பிக்கிட்டாரு.

சரியா இருந்தா ஏன் ஒளிக்கணும்? சேவியர் சேட்டன்கிட்ட போய்ச் சொன்னேன். "எடீ, நினக்கு எல்லாரெயும் சம்சயமாணு"ன்னு, உனக்கு எல்லார் மேலயும் சந்தேகம்தான்னு சிரிச்சாரு. அவரு சிரிச்சதும் எனக்கு ஒரு மாதிரியாப் பட்டுச்சு. ரெண்டு பேரும் கூட்டோன்னு அன்னிக்கு சோறே இறங்கலை.

முப்பத்தொண்ணாம் தேதி சாயங்காலம் குலுக்கல். சந்து ஆளுங்க யாரும் சீட்டு எடுக்கக் கூடாதுன்னு ஒத்தக்கால்ல நின்னேன். ஆட்டோ ஸ்டாண்டுல இருந்து சம்பந்தமே இல்லாத ஒரு சேட்டனைக் கூட்டிட்டு வந்து, கண்ணைக் கட்டி எடுக்க வெச்சோம்.

கேக்... பாக்கியம்.

தாராவு... பாக்கியம்.

சந்து மொத்தமும் அண்ணனைத் திரும்பிப் பாத்துச்சு.

மிக்ஸி... பாக்கியம்.

டப்பாவைப் பிடுங்கிக் கவுத்தேன். பாதிக்கு மேல ஒரே கையெழுத்து. மலையாளத்துல, கோணல் மாணலா, பாக்கியம், பாக்கியம், பாக்கியம்...

"செத்துப்போனவங்க எப்படிண்ணே கூப்பன் வாங்கினாங்க? மூணையும் வீட்டுக்குக் கொண்டு போற பிளானா?"

அத்தனை பேர் முன்னாடி கேட்டேன். இப்ப நெனச்சாலும் நாக்கு கூசுது.

அண்ணன் தரையைப் பாத்துட்டே சொன்னாரு. "கடைக்காரங்க காசைக் கொடுத்துட்டு, பேரு நீயே எதையாவது எழுதிக்கோ, பிரைஸ் விழுந்தா உங்க சந்துக்கே இருக்கட்டும்னாங்க. எனக்கு எழுதத் தெரிஞ்சது அந்த ஒரு பேருதான் தங்கச்சி. ஆஸ்பத்திரியில எந்தச் சீட்டானாலும் அவ பேரை எழுதிக் கொடுக்கணும். ஒரு நர்ஸம்மாதான் சொல்லிக் கொடுத்தாங்க. என் பேருக்கு எப்பவும் கைநாட்டுதான்."

"என்கிட்ட கேட்டிருந்தா நான் எழுதிக் கொடுத்திருப்பேனேண்ணே..."

"உன்கிட்டயா?"

அவ்வளவுதான் சொன்னாரு. திட்டியிருந்தாக்கூட வாங்கிட்டுப் போயிருப்பேன். என்கிட்ட வந்தா, எழுதத் தெரியாதுங்கறதையும் நான் நம்பாம நோண்டுவேன்னு அவருக்குத் தெரிஞ்சிருக்கு.

சேவியர் சேட்டன் மூணு பிரைஸையும் அங்கயே ஏலம் விட்டாரு. பெட்டிக்குக் குறைஞ்சது அதுல நிறைஞ்சுது. தாராவை நான்தான் மூணு மடங்கு விலைக்கு எடுத்தேன், வேற எப்படி மன்னிப்பு கேக்கறதுன்னு தெரியலை. வெட்ட மனசு வரலை. ரெண்டு வருஷம் சந்துல போறவங்க வர்றவங்களை எல்லாம் கொத்திட்டுத் திரிஞ்சுது. அண்ணன் என்னைத் திரும்பத் தங்கச்சின்னு கூப்பிட ஆறு மாசம் ஆச்சு.

போன மழைக்காலத்துல அண்ணனும் அந்தப் பெட்டியிலதான் கிடந்தாரு, தென்காசியில இருந்து ஆளுங்க வர்ற வரைக்கும். தரையில ஒரு சொட்டுத் தண்ணி இல்லை. நான் அதையேதான் பாத்துட்டு இருந்தேன்.

இப்ப ஃபண்டு பிரிக்கறதெல்லாம் போன்லயே முடிஞ்சு போகுது. டிசம்பர் வந்தா கேக் சேலஞ்ச், பிரியாணி சேலஞ்ச்னு ஆர்டர் பிடிச்சு வித்துக் காசு சேக்கறாங்க, ஸ்கூலுக்கு ஒண்ணு, கிளப்புக்கு ஒண்ணு, வாட்ஸப் நிறைய க்யூ ஆர் கோடு. யாரோட அக்கவுண்ட், யாரு அட்மின், போன வருஷ ஃபண்டு என்னாச்சுன்னு நானும் நோண்டித்தான் பாக்கறேன். புத்தி எங்க போகும்? அப்ப ஒரு மனுஷன் முகத்தைப் பாத்து சந்தேகப்பட்டேன், தப்புன்னா அந்த முகத்தைப் பாத்தே கூனிக் குறுகவும் முடிஞ்சுது. இப்ப அந்தக் கறுப்புக் கட்டத்தை எவ்வளவு நேரம் பாத்தாலும் ஒண்ணும் பிடிபட மாட்டேங்குது.

ஆனா லக்கி டிரா கூப்பன்னு வந்தா மட்டும் ரெண்டு வாங்கிடுவேன். பேரு கேக்கற எடத்துல பாக்கியம்னு அடிப்பேன்.

இத்தனை வருஷத்துல ஒரு பிரைஸும் விழலை. குலுக்கல் ஒழுங்கா எடுக்கறாங்களான்னு எனக்கு சந்தேகமாத்தான் இருக்கு.