ஷபானா எடுத்த எக்கோ

அம்பத்தூரில் ஒரு ஸ்கேன் சென்டரில் பன்னிரண்டு வருடங்களாக எக்கோ என்னும் இதய ஸ்கேன் எடுக்கிறேன். புதிதாகச் சேர்ந்த ஷபானாவை எல்லோரும் புகழ்ந்தபோது எனக்கு வயிறெரிந்தது.

ஒருநாள், பிறவியிலேயே இதயத்தில் ஓட்டை உள்ள ஒரு கைக்குழந்தை வந்தது. வால்வில் ரத்தம் பின்னோக்கிக் கசியும் வேகத்தை வைத்துத்தான் நுரையீரல் தமனியின் அழுத்தத்தைக் கணிப்போம். குழந்தை வீறிட்டு அழுததால் அவசரமாகப் பார்த்து, அழுத்தம் குறைவு என்று எழுதினேன்.

"அக்கா, கருவியப் புடிச்ச கோணம் கொஞ்சம் சாஞ்சிட்ச்சு. அதான் கம்மியா காட்டுது. இன்னொரு தபா பாக்கட்டா?" என்றாள் ஷபானா.

"எனக்கே சொல்லித் தர்றியா?" என்று சீறினேன்.

அவள் குழந்தைக்குப் பால் கொடுக்கும்படி தாயிடம் சொன்னாள். அது தூங்கியதும் வேறு பக்கத்திலிருந்து பார்த்தாள். அழுத்தம் மிக அதிகம். அவள் கணக்கு தப்பாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். குழந்தைக்காக அல்ல, எனக்காக.

டாக்டரே வந்து பார்த்தார். "அதிகந்தான். ஆபரேஷனைத் தள்ளிப்போடக் கூடாது. யார் கண்டுபிடிச்சது?"

"அக்காவும் நானும் சேந்துதான் சார்" என்றாள் ஷபானா.

நான் மறுக்கவில்லை. ஆபரேஷன் முடிந்து குழந்தை தேறியது. அதன் தாய் வந்து என் கையைப் பிடித்து அழுதபோதும் உண்மையைச் சொல்லவில்லை. பொறாமைப்பட்டதைக்கூட மன்னித்துக்கொள்வேன். அந்த நன்றியை வாங்கிக்கொண்டதுதான் இன்றும் உறுத்துகிறது.